தோற்ற அந்த ஒரு தேர்தல்

புதன், இரவு.

ஆறு தேர்தலில் நின்று ஐந்தில் ஜெயித்தேன். ஆனால் தொகுதியில் யாரைக் கேட்டாலும் ஆறு தடவையும் எனக்கே போட்டதாகத்தான் சொல்வார்கள்.

இன்று வெண்ணந்தூரில் ஒரு கல்யாணம். பந்தியில் பாயசம் ஊற்ற வந்த அம்மாளிடம், "ஆறு தடவையும் எனக்குத்தானுங்களே?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"அஞ்சுதானுங்க. நீங்க தோத்தப்ப நான் போடலீங்க."

"ஏனுங்க?"

"எங்க ஊட்டுக்காரர் தவறினப்ப நீங்க துக்கம் கேக்க வரலீங்களே."

கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றினார்.

அந்தத் தோல்விக்குக் கட்சிக்காரர்கள் பத்துப் பக்கம் காரணம் எழுதினார்கள். இது அதில் இல்லை. நான் போகாத சாவு வீடே கிடையாது என்றுதான் நானும் மேடைக்கு மேடை பேசுகிறேன்.

எழுதும்போதுதான் உறைக்கிறது. இறந்தவர் பெயரை இன்றைக்கும் கேட்காமல் வந்துவிட்டேன்.