கழுவாத நெற்றி

கண்மாய் மண்ணில் நைட்ரிக் அமிலத்தை ஊற்றிச் சூடேற்றினால் பழுப்பாக ஒரு புகை கிளம்புமே, அது காலையிலிருந்து என் மூக்கை விட்டுப் போகவில்லை. நம் மண் பரிசோதனை லேபில் இந்த மாதம் உள்ளறையில் காய்ச்சும் முறை எனக்கு. ஜன்னல் திறக்கக் கூடாது, தூசி வரும். ஃபேன் போடக் கூடாது, அதுவும் தூசி. மதுரை வெயிலில் இப்படி ஒரு அறையைக் கட்டியவனைத்தான் முதலில் அமிலத்தில் போட வேண்டும் என்பாய். நீ போன பிறகும் இங்கே வந்தால் உன் பேச்சுதான் கேட்கிறது.

மண்ணே போடாத வெறும் அமிலத்தையும் கூடவே காய்ச்சுவோம். அதுதான் பிளாங்க். அதில் எதுவும் வரக் கூடாது. ஒரு வருஷம் அதில் ஈயம் வந்துகொண்டே இருந்தது. லேப் நடத்தும் சார் குடுவையைத் திட்டினார், தண்ணீரைத் திட்டினார், கடைசியில் நம்மைத் திட்டினார். நீதான் உன் நெற்றிக் குங்குமத்தில் ஒரு சிட்டிகை எடுத்து அமிலத்தில் கரைத்து மெஷினில் கொடுத்தாய். எண் எகிறியது.

"ஏண்டி, இம்புட்டு ஈயத்தையா நெத்தியில சுமந்துக்கிட்டுத் திரிஞ்சோம்?" என்று சிரித்தாய்.

வேறு கடைக் குங்குமம் வாங்கினாலும் சார் நம்பவில்லை. உள்ளே போகிறவர் குழாயடியில் நெற்றியையும் வகிட்டையும் கழுவ வேண்டும் என்றார். மாலையில் மறுபடி வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவோம்.

பிறகு உன் வீட்டுக்காரர் தவறிப்போனார். நீ வேலைக்குத் திரும்பிய அன்று சார் தணிந்த குரலில்தான் சொன்னார்: "ஒனக்கு இனிமே கழுவுற வேலை இல்லையேம்மா. உள்ள நீயே பாத்துக்கயேன்." அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். வீட்டில் உன் மாமியார் எந்த விசேஷத்துக்கும் உன்னை அனுப்புவதில்லை. இங்கே இந்த அறை. ஒரு வருஷத்துக்கும் மேல் நீ வெயிலைப் பார்த்தது பஸ்ஸில் மட்டும்தான்.

ஒரு திங்கட்கிழமை நீ மாடிப்படி ஏறி வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெற்றியில் காசளவு குங்குமம். வகிட்டிலும்.

"என்னம்மா இது?" என்றார் சார்.

"கழுவ மாட்டேன் சார். இதோட உள்ள போனா பிளாங்க் கெட்டுப்போகும். வேற யாரையாச்சும் அனுப்புங்க."

அவர் பழைய முறைப் பட்டியலைத் தேடி எடுத்தார். மாத முறை மறுபடி வந்தது. அன்று நான் உள்ளே போனேன். மத்தியானம் வெளியே வந்தால், நீ ஜன்னலோரம் உட்கார்ந்து தல்லாகுளத்துப் பஸ்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாய்.

"வெயிலு இம்புட்டு நல்லாருக்குமாடி?" என்றாய். அப்போதுதான் போனில் உன்னைப் படம் எடுத்தேன்.

சாயங்காலம் நான் குங்குமம் வைத்துக்கொண்ட குழாயடியிலேயே நீ அதைக் கழுவினாய். "வீட்ல தெரிஞ்சா வேலைக்கே விடமாட்டாக." உன் முறை வராத மாதமெல்லாம் அப்படித்தான், வரும் வழியில் வைப்பாய், போகும்போது கழுவுவாய். ஏன் விடாமல் வைக்கிறாய் என்றால், "சார் மறந்துறக் கூடாதுல்ல" என்பாய். காரணம் அது மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

காய்ச்சலில் திடீரென்று போய்விட்டாய். வெறும் நெற்றியோடுதான் கிடத்தியிருந்தார்கள். நேற்று உன் மகள், சட்டம் போட்டு மாட்ட அம்மா சிரிக்கிற படம் இருக்கிறதா என்று கேட்டாள். என்னிடம் இருப்பது ஜன்னலோரம் குங்குமத்தோடு நீ சிரிக்கிற அந்த ஒன்றுதான். பகலெல்லாம் யோசித்து, அனுப்பிவிட்டேன்.

பதில் வந்தது: "எங்கம்மாவா ஆன்ட்டி இது? அப்பா போனப்புறம் இப்படி ஒரு தடவகூடப் பாத்ததில்லையே."

அவளிடம்கூட நீ கழுவிவிட்டுத்தான் போயிருக்கிறாய்.