ஓட்டிப் பார்க்காத வரி

மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
11.7.2006

அன்புள்ள தம்பி மணிவேலுக்கு,

நலம்தானே? பெங்களூரில் புது வேலைக்குப் போனதிலிருந்து உன் குரலே கேட்கவில்லை. இதை ஆபீஸ் மெயிலில் எழுதப் பயந்து தபாலில் அனுப்புகிறேன்.

போன வாரம் நம் கம்பெனியில் பெயிண்ட் உலர்த்தும் ஓவன் வெடித்தது. அங்கே வேலையில் இருந்த தொரப்பள்ளி திம்மப்பன் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். சைரன் அடித்தும் அவர் வெளியே வரவில்லை என்று நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. அவர் மனைவி நஞ்சம்மா கேட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சைரன் கேட்டா நிக்கிற ஆளில்லம்மா அவரு. நெசமாவே அடிச்சுதா?" என்றாள்.

அடிக்கவில்லை, தம்பி. கம்ப்யூட்டர் ரூமில் நீ எழுதிவைத்துப் போன புரோகிராமைத் திறந்து பார்த்தேன். பெயிண்ட் ஆவி அளவு மீறினால் சைரனை அடிக்கச் சொல்லும் வரியில், சைரனின் பெயரில் ஓர் எழுத்தை விட்டிருக்கிறாய். பழைய புரோகிராம் போல சி மொழியில் இருந்திருந்தால், ஓட்டுவதற்கு முன் கம்பைல் செய்யும்போதே 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்று நின்றிருக்கும். நீ மாற்றி எழுதிய ஸ்கிரிப்டுக்குக் கம்பைல் கிடையாது; ஓடி அந்த வரிக்கு வந்த பிறகுதான் அந்தப் பெயரைத் தேடியது. எட்டு மாதமாக அந்த வரிக்கு வேலையே வரவில்லை. வந்த அன்று, பிழை என்று பதிந்துவிட்டு நின்றுபோனது. அந்தப் பதிவை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

நீயே வந்து சொல்லிவிடு. கூட நான் நிற்கிறேன்.

உன் அக்கா
ரேவதி

பெங்களூர்
17.7.2006

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திம்மப்பன் தன் டப்பாவிலிருந்து எனக்குக் களி எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

ஆனால் மொழியைக் குற்றம் சொல்லாதே. சி-யில் ஒரு எண்ணை மாற்றவே ஒரு நாள் போகும். "அரை நாள்ல முடியுமாப்பா?" என்று மேனேஜர் கேட்டதால்தான் ஸ்கிரிப்டுக்கு மாற்றினேன். கம்பைல் ஆன புரோகிராமும் ஓடும்போது விழுந்ததை நீயே பார்த்திருக்கிறாய். ஆவி அளவை ஏற்றி ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் எந்த மொழியிலும் தெரிந்திருக்கும். சோதனைப் படிவத்தில் ஓட்டிப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டது நீ, அக்கா.

ஆவணியில் எனக்குக் கல்யாணம். அந்தக் காகிதத்தைக் கிழித்துவிடு. போனவர் திரும்பி வரப் போவதில்லை.

உன் தம்பி
மணிவேல்

மூக்கண்டப்பள்ளி
26.7.2006

மணிவேலுக்கு,

நீ சொன்னது சரி. அன்று ஷிப்ட் முடிகிற அவசரம். தம்பி எழுதியது தப்பாக இருக்காது என்று ஓட்டிப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். கம்பைலர் பிடித்திருக்கும் என்று எழுதியதெல்லாம் என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

நேற்று தொழிற்சாலை ஆய்வாளரிடம் அந்த அச்சைக் கொடுத்தேன். வாக்குமூலத்தில் என் பெயரை முதலில் எழுதினேன். உன் பெயரை எழுத வெகுநேரம் ஆயிற்று. எழுதிவிட்டேன். மதியத்துக்குள் என்னை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

தொரப்பள்ளிக்குப் போய் நஞ்சம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "அப்ப எங்க ஊட்டுக்காரரு மேல தப்பில்ல" என்று இரண்டு முறை சொன்னாள். பிறகு, "நீங்க போங்கம்மா" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

உன் கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். நீயும் கூப்பிடமாட்டாய். அம்மாவிடம் காரணத்தை இன்னும் சொல்லவில்லை. அதையாவது நீ சொல்.

ரேவதி