நானே ஆக்கிய நாற்பதாம் நாள் சோறு

786
ரங்கூன்
12-2-1966

என் பிரியமுள்ள மச்சான் அப்துல் பாரி அவர்களுக்கு, நூர் பீவி ஆயிரம் சலாத்துடன் எழுதிக்கொண்டது. நீங்களும், மகள் சைதாவும், உங்கள் உடன்பிறந்த லாத்தாவும் நாகூரில் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன்.

யார் எழுதிக்கொடுத்தது என்று காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டாம். நானேதான் எழுதுகிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி வாசலில் விட்டுப்போனீர்களே, அந்த நூர்தான். எனக்குப் புத்தி தெளிந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ்!

கைக்குழந்தை மௌத்தான பிறகு, நான் ஓடையில் போய் விழுந்துவிடுவேன் என்று பசுந்தாங் வீட்டுத் தூணில் என்னைக் கட்டிப்போட்டீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. இங்கேயும் முதலில் கட்டித்தான் போட்டார்கள். சுவரில் இரும்பு வளையம் இருந்தது. பிறகு டாக்டர் டோ மியா சேன் என்று ஒரு அம்மா வந்தார். வந்த வாரமே ஆளை வைத்து வளையத்தையெல்லாம் பிடுங்கிப்போட்டார். அந்த ஓட்டைகளில் சிமெண்ட் பூசிய தடம் இன்னும் தெரிகிறது. முன்பெல்லாம் எங்களை "அயூமா" என்றுதான் கூப்பிடுவார்கள். பர்மாக்காரர் வாயில் "பைத்தியக்காரி" எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியாததா! டாக்டரம்மா அந்த வார்த்தையை அறவே நிறுத்திவிட்டார். இப்போது நான் பெரிய மனுஷிபோல "டோ நூர்".

மாத்திரையும் உண்டு. ஆனால் பாதி வைத்தியம் பேச்சுதான் மச்சான். பள்ளிக்கூட வாத்தியார் ஞானமுத்து சார் மகள் ஜூடித் தின்கன்ஜூனிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறாள். மனசைப் பற்றியே காலேஜில் படித்த பெண். நான் திட்டினால் திட்டட்டும் என்று உட்கார்ந்திருப்பாள், அழுதால் அழட்டும் என்று உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் சீமையிலிருந்து வந்த ஒரு படத்தைக் காட்டி, "இந்தப் பொம்பளை முகத்துல என்னக்கா கொறையுது?" என்றாள். "தனாக்காச் சாந்து பூசல" என்றேன். காதை வரையாமல் விட்டிருக்கிறார்களாம்! விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "நீங்க சொன்னதும் சரிதான்" என்று எழுதிக்கொண்டாள். குழந்தை போனதை வாய்விட்டு முதன்முதலாகச் சொன்னது அவளிடம்தான்.

போன மாதம் டாக்டரம்மா என்னைச் சமையற்கட்டுக்குக் கூட்டிப்போய், என் கையில் கத்தியைக் கொடுத்தார். காவல்காரன் பதறி ஓடிவந்தான். அவர் அவனை வெளியே போகச் சொல்லிவிட்டு என் எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒரு கூடை வெங்காயம் நறுக்கினேன். அன்று ஆணம் காய்ச்சிச் சோற்றில் ஊற்றியதும் முதல் கவளம் தின்றது அவர்தான். எனக்கு அன்றைக்கே பாதி வியாதி போய்விட்டது.

என்னைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பினால் கப்பலேற அனுமதி வாங்கித் தருவதாக டாக்டரம்மா சொல்கிறார். சைதா என்ன உயரம் வளர்ந்திருக்கிறாள்?

உங்கள்
நூர் பீவி


786
நாகூர்
30-3-1966

அன்புள்ள நூருக்கு, அப்துல் பாரி சலாம். உன் கையெழுத்தைக் கண்டதும் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. கண்கலங்கி, கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பசுந்தாங் கடையைச் சர்க்கார் எடுத்துக்கொண்ட பிறகு கையை உதறிக்கொண்டு கப்பலேறியவன், இங்கே சின்னதாக ஒரு கைலிக்கடை வைத்திருக்கிறேன். சைதா என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். நல்ல இடம் ஒன்று கூடி வந்திருக்கிறது. மாப்பிள்ளை பெயர் உதுமான். லாத்தாதான் முன்நின்று பேசிக்கொண்டிருக்கிறார்.

ஆகையால் நூர், நீ கோபித்துக்கொள்ளக் கூடாது. நல்ல இடத்தில்தானே இருக்கிறாய். நிக்காஹ் முடியட்டும். அதன்பிறகு ஆகவேண்டியதைப் பார்க்கலாம். இப்போதைக்கு ஊரில் யாருக்கும் கடிதம் போட வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு
அப்துல் பாரி


786
ரங்கூன்
9-5-1966

மச்சானுக்கு நூர் பீவி சலாம்.

நேற்று ஹாஜரா வந்தாள். பசுந்தாங்கில் நமக்கு அடுத்த வீட்டு ஹாஜராதான். டாக்டரம்மாவிடம் போய், "எங்க நூரை எங்கே அடக்குனீங்க? ஒரு யாசீனாவது ஓதிட்டுப் போறேன்" என்று அழுதிருக்கிறாள். அவர் ஒன்றும் புரியாமல் அவளைச் சமையற்கட்டுக்குக் கூட்டிவந்தார். நான் கத்தியும் கையுமாக நிமிர்ந்து பார்த்தேன். "யா அல்லா!" என்று அலறி அப்படியே மயங்கிச் சரிந்துவிட்டாள். "அடியே, செத்தவ வெங்காயம் நறுக்குவாளாடி?" என்று தண்ணீர் தெளித்து எழுப்பினேன்.

நாகூரிலிருந்து அவள் தங்கை எழுதியிருக்கிறாளாம். போன வருஷமே நான் மௌத்தாகிவிட்டேனாம். நாற்பதாம் பாத்திஹா ஓதி, நெய்ச்சோறு ஆக்கி, தெரு முழுக்கக் கூப்பிட்டுப் போட்டீர்களாம். நெய் ஊற்றியா ஆக்கினீர்கள், டால்டாவா? நீங்களும் உட்கார்ந்து சாப்பிட்டீர்களா மச்சான்? எப்படி இறங்கியது?

ராத்திரி முழுக்க அழுதேன். பழைய இருட்டு திரும்பி வந்துவிடுமோ என்று பயமாகிவிட்டது. காலையில் ஜூடித் வந்ததும் அவளிடம் கொட்டினேன். அவள் அழாதே என்று சொல்லவில்லை. "இப்ப என்னக்கா செய்யணும்போல இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். "சோறு ஆக்கணும்" என்றேன்.

ஆக்கினேன் மச்சான்! டாக்டரம்மா நெய் வாங்கித் தந்தார். என் பாத்திஹாச் சோற்றை நானே ஆக்கி, பர்மாக்காரி, சீனாக்காரி, தமிழச்சி என்று வார்டு முழுக்க உட்காரவைத்துப் பரிமாறினேன். வருஷக்கணக்காக வாய் திறக்காத ஒரு கரீன் கிழவி தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டாள். நர்சுகள் மூக்கில் விரலை வைத்தார்கள். எனக்கு வந்த பெருமை, உங்களுக்குக் கடை திறந்த அன்றுகூட வந்திருக்காது.

நான் திருடவில்லை, ஓடிப்போகவில்லை. நோயில் விழுந்தேன், எழுந்து நிற்கிறேன். அதை ஒளிக்க என்ன இருக்கிறது? அதனால் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். ஜமாஅத்தார் முன்னால் நின்று, நூர் எங்கே இருந்தாள், எப்படி இருக்கிறாள் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லுங்கள். சொன்னால் வருகிறேன். முடியாதென்றால், ஓதிய பாத்திஹா ஓதியதாகவே இருக்கட்டும். இங்கே எனக்குச் சம்பளத்துக்கு வேலை தருகிறேன் என்கிறார்கள். சைதாவின் நிக்காஹ் என்னால் முறிந்துவிடுமோ என்று எனக்கும் பயம்தான். ஆனாலும் பெற்றவளைச் சாகடித்துவிட்டா பிள்ளைக்கு வாழ்வு தேடுவது?

நூர் பீவி


786
நாகூர்
24-6-1966

அன்புள்ள நூருக்கு அப்துல் பாரி சலாம்.

உன் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். லாத்தாவிடம் காட்டினேன். "போடா, பைத்தியக்காரி மவள எவன்டா கட்டுவான்? செத்தவ செத்தவளாவே இருக்கட்டும்" என்றார். அன்று பாத்திஹாவுக்கும் இதையேதான் சொன்னார். அன்று நான் வாய் திறக்கவில்லை.

இந்த முறை சைதா திறந்தாள். நீ என்னை அதட்டுவாயே, அதே குரலில், "வாப்பா, நீங்க சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லவா?" என்றாள். பர்மா பாஷையில் ஏதோ திட்டவும் செய்தாள். எனக்கு மட்டும் புரிந்தது. இங்கே எழுத மாட்டேன்.

இன்று பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் எழுந்து நின்றேன். "என் பொண்டாட்டி மௌத்தாகல. ரங்கூன் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில இருந்தா. சொகமாயிட்டா. கூப்பிட்டுக்கப் போறேன்" என்றேன். பின்னாலிருந்து அப்துல் சமது காக்கா, "அப்ப நாங்க தின்ன சோறு?" என்றார். "அத அவளே ஆக்கிப் போட்டுட்டா" என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன் நூர். நெஞ்சிலிருந்த கல் இறங்கிவிட்டது.

மாப்பிள்ளை வீட்டில் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்கள். சரி, முறிந்தது என்றுதான் திரும்பினேன். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு உதுமானின் உம்மா தனியாக நம் வீட்டுக்கு வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். அவர் தம்பி பீர் முகைதீனைப் பல வருஷமாக வீட்டுப் பின்கட்டில் கட்டிவைத்திருக்கிறார்களாம். எங்களைப் போலவே அவர்களும் மறைத்துத்தான் சம்பந்தம் பேசியிருக்கிறார்கள். "ஒங்க வூட்டுப் புள்ளைக்கு என்னா வைத்தியம் பாத்தாஹ? அவ வந்தா என் தம்பிய ஒரு தடவ பாப்பாளா?" என்று லாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நிக்காஹ் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

கையெழுத்துப் போட்ட காகிதம் இத்துடன் இருக்கிறது. சீக்கிரம் வா.

உன்
பாரி


786
ரங்கூன்
19-7-1966

என் கண்ணான மச்சானுக்கு, நூர் பீவி கோடி சலாத்துடன்.

அனுமதி கிடைத்துவிட்டது. அடுத்த சென்னைக் கப்பலில் வருகிறேன். நீங்கள் எழுந்து நின்றதை வார்டு முழுக்கப் பர்மா பாஷையில் வாசித்துக் காட்டினேன். கைதட்டினார்கள். என் மச்சானுக்கு ரங்கூனில் கைதட்டல்! சைதா திட்டியது என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

டாக்டரம்மா என் கத்தியை எனக்கே கொடுத்துவிட்டார். பெட்டியில் சேலைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன்.

பீர் முகைதீன் தம்பிக்கு நான் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று அந்த உம்மாவிடம் சொல்லுங்கள். கட்டை இன்றே அவிழ்க்கட்டும். பயமாக இருந்தால் நாலு பேர் பக்கத்தில் உட்காரட்டும். அவன் திட்டினால் திட்டட்டும், அழுதால் அழட்டும், எழுந்து மட்டும் போய்விட வேண்டாம். மதுரையிலோ சென்னையிலோ இந்த மாத்திரை தரும் டாக்டர் இருப்பார், விசாரித்துக் கூட்டிப்போங்கள். முதலில் அவனை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

நான் வந்ததும் ஒரு கூடை வெங்காயம் வேண்டும். அவனுக்கு எதிரில் முக்காலி போட்டு நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

உங்கள்
டோ நூர் பீவி