அவளுக்கு அவனைத் தெரியும்

டூங்கபி,
ஆவணி 2012

என் அன்புக்குரியவளுக்கு,

நேற்று ஆங்கில வகுப்பில் ஒரு ஜப்பானியப் படம் காட்டினார்கள். கடலுக்குப் போன கணவனுக்காக ஒருத்தி காத்திருக்கிறாள். எந்த நாட்டவருக்கும் பொருந்தும் கருப்பொருள் இதில் எது என்று ஆசிரியை கேட்டார்.

என் அறைத்தோழன் லதீஸ், "போனவன் இனி வரமாட்டான். இவள் விசரி, மூளை பிழைச்சவள்," என்று முணுமுணுத்தான்.

வகுப்பில் வாயே திறக்காத நான் எழுந்து, "நம்பிக்கை, மிஸ். அவளுக்கு அவனைத் தெரியும்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பக்கத்திலிருந்த ஆப்கானியப் பெண் கண்ணைத் துடைத்தார்.

திரும்பும்போது ரயிலில் லதீஸ் கேட்டான். "அண்ணை, ஊரிலை இருக்கிற என்ரை மனிசியும் அப்பிடி இருப்பாளே?"

"ஓம், இருப்பா. இப்பவே அவவுக்கு ஃபோன் எடு," என்றேன். எடுத்தான்.

படத்தின் முடிவை மட்டும் எழுதமாட்டேன். விசா கிடைத்து நீர் இங்கே வந்ததும் சேர்ந்திருந்து பார்ப்போம்.

என்றும் உம்முடையவன்