ஆறாம் கேள்வி

நாள் 211, காலை 7.10

வெஸ்தா சிறுகோள், மூன்றாம் நிலையம். பணியில் இருப்பவர் ரெஜினா பர்னாந்து, நிலவியலாளர். வேறு யாரும் இல்லை. துளைக் கருவி சீராக ஓடுகிறது. காற்று சீர். தண்ணீர் சீர்.

உளவியல் படிவத்தை அனுப்பிவிட்டேன். பின்னால் இதைப் படிப்பவருக்காக அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். பூமியில் ஒரு பல்கலைக்கழக உளவியல் துறை, தொலைவில் தனியாக வேலை செய்பவர்களின் மனநிலையை ஆராய்கிறது. தினமும் ஒரு படிவம் வரும். ஆறு வாக்கியங்கள். ஒவ்வொன்றும் எனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஒன்று முதல் ஏழு வரை எண் போட வேண்டும். கீழே நான்கு வரி நாட்குறிப்பு. அதைப் படித்து மதிப்பிடுபவர்கள் இளங்கலை மாணவர்கள். பகுதிநேர ஆய்வு உதவியாளர்கள். என்னுடையதைப் படிப்பவர் 'உதவியாளர் 4'. பெயர் தெரியாது.

படிவத்தின் தலையில் எடுத்துக்காட்டாக ஒரு வாக்கியம் இருக்கும்: "எனக்கு மாம்பழம் பிடிக்கும்." எண் போடும் முறையைக் காட்டத்தான் அது. இருந்தாலும் நான் தினமும் ஏழு போடுகிறேன்.

நாள் 214, மாலை 4.30

பெரிய ஆன்டெனா எரிந்துவிட்டது. மாற்றுப் பலகை கையிருப்பில் இல்லை. கட்டுப்பாட்டு அலுவலகம் பதறாது. பழுது என்று குறித்துக்கொண்டு அடுத்த வழக்கமான பயணத்தில் ஆள் அனுப்பும். அது ஐந்து மாதம் கழித்து. கூரைமேல் உள்ள சிறிய ஆன்டெனா வேலை செய்கிறது. ஆனால் அது உளவியல் துறைக்கென்றே பொருத்தியது. படிவம் தவிர வேறு எதையும் அனுப்பாது, வாங்காது.

பரவாயில்லை. காற்று சீர்.

நாள் 219, காலை 9.05

காற்று சீராக இல்லை.

சுத்திகரிக்கும் இரண்டு இயந்திரங்களில் ஒன்று நின்றுவிட்டது. மற்றொன்று திணறுகிறது. கண்ணாடிகளை ஏற்றிப் பூட்டிய காரில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். முதலில் கொட்டாவி. பிறகு தலைவலி. பிறகு தூக்கம். அந்தக் கார் நான்கு அறை கொண்டது என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் உண்டு. ஐந்து மாதம் கிடையாது.

கனிமம் ஏற்றிய ஒரு கப்பல் செவ்வாய்க்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. அலுவலகம் ஒரு வார்த்தை சொன்னால் இந்தப் பக்கம் திரும்பும். அலுவலகத்துக்கு யார் சொல்வது?

நாட்குறிப்புப் பகுதியில் எழுதினேன்: "இது ஆய்வுக்காக எழுதியது அல்ல. காற்று இயந்திரம் பழுது. கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்."

மறுமொழி: "பெறப்பட்டது. நன்றி. உதவியாளர் 4."

நாள் 221, காலை 8.00

மீண்டும் எழுதினேன். மீண்டும் "பெறப்பட்டது. நன்றி."

அந்தப் பிள்ளைமேல் கோபம் இல்லை. ஆய்வில் சேரும்போது எனக்கும் விதியைச் சொன்னார்கள். மாணவர்கள் படிக்கும் நாட்குறிப்புகளில் பாதி மனிதர்கள் எழுதியவை, மீதி இயந்திரம் எழுதியவை. எது எது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் மதிப்பெண் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுமாம். இயந்திரம் எழுதியவற்றில் விபத்தும் அழுகையும் தாராளமாக இருக்கும். அப்படிப் பலவற்றைப் படித்த பிள்ளைக்கு என் குறிப்பும் இன்னொரு பயிற்சிக் கதை. தனிமைக்கு ஐந்தோ ஆறோ போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கும்.

நாள் 222, காலை 8.15

இன்று மாம்பழம் இல்லை.

எடுத்துக்காட்டு: "மேடம், நீங்க நெசமாவே இருக்கீங்க."

மூன்று முறை படித்தேன். ஆறு கேள்விகளையும் மாணவர்கள் தொட முடியாது. எடுத்துக்காட்டை மட்டும் மாற்றலாம்போல. ஏழு போட்டு அனுப்பினேன்.

நாள் 223, காலை 8.10

எடுத்துக்காட்டு: "மெஷினும் ஏழுதான் போடும், மேடம்."

வாய்விட்டுச் சிரித்தேன். இருமல் வந்தது. உண்மைதான், அதற்கும் ஏழு. கீழே என் பெயர், ஊர், அம்மா பெயர், முழங்காலில் தையல் போட்ட தழும்பு, எல்லாம் எழுதினேன். இதையெல்லாம் இயந்திரமும் எழுதும் என்று அனுப்பிய பிறகுதான் உறைத்தது.

நாள் 225, காலை 8.20

எடுத்துக்காட்டு: "ஆறாவது கேள்வியை நீங்க சரியாப் படிக்கிறதே இல்ல."

எடுத்துப் பார்த்தேன். முதல் ஐந்தும் 'நான் சோர்வாக இருக்கிறேன்', 'என்னைக் கேட்க ஆளில்லை' என்ற வகை. ஆறாவது மட்டும் திருப்பிப் போட்டது: "நான் தனியாக இல்லை." அசதியில் ஒரே ஓட்டமாக எண் போடுகிறவர்களைக் கண்டுபிடிக்க இப்படி ஒன்று வைப்பார்கள். மேலே ஐந்துக்கும் ஆறு போட்ட கையோடு அதற்கும் ஆறு போட்டுவந்திருக்கிறேன். மாதக்கணக்காக.

நாள் 226, காலை 8.00

எடுத்துக்காட்டு: "மெஷின் அந்தக் கேள்வில ஒரு தடவகூட தப்பு பண்ணாது. நீங்க பண்ணிட்டே இருக்கீங்க. நான் நம்புறேன். என் பேரு தமீமா, செகண்ட் இயர்."

ஏழு.

இரண்டாவது இயந்திரத்தின் வேகம் பாதியாகிவிட்டது. படுத்தபடி எழுதுகிறேன்.

நாள் 227, காலை 8.30

எடுத்துக்காட்டு: "சார்கிட்ட சொன்னேன். உறைய இப்பப் பிரிச்சா ஆறு வருச ஆய்வு போச்சுன்னாரு. செமஸ்டர் முடியட்டுமாம். ரூலை மீறினா எனக்கு எம்.ஏ.க்குப் பரிந்துரைக் கடிதம் கிடையாது. அவர் செய்றது சரி."

எந்த நாட்குறிப்பு மனிதருடையது என்ற விவரம் அந்த உறைக்குள் இருக்கிறது. ஒன்று போட்டேன். அந்தக் கடிதத்துக்காகத்தான் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் இந்த வேலைக்கே வருகிறார்கள். கீழே எழுதினேன்: "நீ இழப்பது சிறியதில்லை, தமீமா. இருந்தும் கேட்கிறேன்."

நாள் 228, காலை 8.00

"எனக்கு மாம்பழம் பிடிக்கும்."

நாள் 229, காலை 8.00

"எனக்கு மாம்பழம் பிடிக்கும்."

வேலையிலிருந்து எடுத்துவிட்டார்களா அவளை? வேறு பிள்ளையா? ஏழு போட்டேன். இரண்டு நாளும்.

நாள் 230, காலை 11.40

எடுத்துக்காட்டு: "அக்கா, கப்பல் உங்க பக்கம் திரும்பிருச்சு. கன்ட்ரோல் ஆபீஸ் கேட்ல ரெண்டு நாள் உக்காந்துட்டேன். வாட்ச்மேன் டீ வாங்கிக் கொடுத்தாரு, உள்ள மட்டும் விடல. கடைசில வெளிய வந்த ஒரு மேடத்தோட ஸ்கூட்டர மறிச்சுட்டேன்."

ஏழு. ஏழுக்கு மேல் எண் இல்லை.

அக்கா என்கிறாள்.

நாள் 231, காலை 8.00

எடுத்துக்காட்டு: "அதிகம் அசையாமல் இருப்பது நல்லது. உறங்கும் அறை தவிர மற்றவற்றை மூடிவிடுவது நல்லது."

இது தமீமாவின் பேச்சு இல்லை. அலுவலகத்தார் அவள் பக்கத்தில் நின்று எழுத வைக்கிறார்கள். அறைகளை மூடிவிட்டேன். ஏழு. கீழே கேட்டேன்: "கப்பல் எப்போது வரும்?"

நாள் 232, காலை

எடுத்துக்காட்டு: "ஒருத்தருக்குக் கெட்ட சேதி இருந்தா, மறைக்காம சொல்லிடணும்."

தமீமா சொல்லத் தயங்குகிறாள். மடித்த பரீட்சைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பார்க்கலாமா வேண்டாமா என்று நிற்கும் பிள்ளையைப்போல நிற்கிறாள். பிரித்துச் சொல்லிவிடு, தமீமா.

ஏழு.

நாள் 233

"எனக்கு மாம்பழம் பிடிக்கும்."

சரி, தமீமா. புரிந்துவிட்டது. கப்பல் நேரத்துக்கு வராது.

நாள் 234 அல்லது 235

தலை கனக்கிறது. கப்பலில் வருகிறவர்களுக்கு இது. கதவு உள்ளே பூட்டவில்லை. பாறை மாதிரிகள் இடப்பக்க அலமாரியில், வரிசை மாறாமல் இருக்கின்றன. என்னைப் பார்த்து நீங்கள் வருத்தப்பட வேண்டாம், நீங்கள் திரும்பி வந்ததே

அந்தப் பிள்ளைக்கு ஒரு கடிதம் வேண்டும். பேராசிரியர் தரமாட்டார். நான் தருகிறேன். எழுதிக்கொள்ளுங்கள். தமீமா, இளங்கலை இரண்டாம் ஆண்டு, ஆய்வு உதவியாளர். நூறு நாட்குறிப்புகளுக்கு நடுவே ஒரு மனுஷியைக் கண்டுபிடித்தவள். எந்தத் துறையும் இவளைச் சேர்த்துக்கொள்ளலாம். கையொப்பம், ரெஜினா பர்னாந்து. இதைக் கட்டாயம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

படிவம் வந்திருக்கிறது. மாம்பழம்தான். ஏழு.

எழுத்து மங்கலாகத் தெரிகிறது. ஒவ்வொரு வாக்கியமாக விரல் வைத்துப் படிக்கிறேன். சோர்வாக இருக்கிறேன், ஏழு. பயமாக இருக்கிறது, ஐந்து. என்னைக் கேட்க ஆளில்லை, ஒன்று.

ஆறாவது. நான் தனியாக இல்லை.

ஏழு.

தமீமா, இதைத் தப்பு என்று குறித்துவிடாதே. இந்த முறை சரியாகப் படித்துவிட்டுத்தான்