கற்பூரவல்லித் தொட்டியும் சரணின் கழுத்தும்

மயிலாப்பூர்
வியாழக்கிழமை

அன்பு மகன் நாகராஜுக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நானும் மருமகள் மதுமதியும் நம் பேரப்பிள்ளை சாய்சரணும் சௌக்கியம், இந்த வார்த்தையை இன்றைக்குத்தான் பொய்யில்லாமல் எழுதுகிறேன். குவைத்தில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கவேண்டும் கண்ணு. போனில் சொன்னால் நீ பதறுவாய், நானும் அழுதுவிடுவேன், அதனால் எதிர்வீட்டு தௌசீஃப் நாளைக்கு அங்கே திரும்புகிறான் என்றதும் பருப்புப்பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். பயப்படாதே, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது.

மூன்று மாதம் முடிந்தும் பிள்ளை எப்போது படுக்கவைத்தாலும் வலது பக்கமே தலையைத் திருப்பிக்கொண்டிருந்தான், மண்டையும் அந்தப் பக்கம் கொஞ்சம் தட்டையாகிவிட்டது. கீழ்வீட்டு கன்னியம்மா வந்து பார்த்துவிட்டு, இன்னா வேம்பு, கொயந்த கயுத்து ஒரே பக்கமா கீது, கால்ல போட்டு எண்ணெ தேய்க்க சொல்ல இஸ்துட்டியா என்று கேட்டுவிட்டாள். எண்ணெய் தேய்க்கும்போது நான்தான் கழுத்தை இழுத்துவிட்டேனாம். உன்னையும் உன் அக்காவையும் இந்தக் காலில் போட்டுத்தான் குளிப்பாட்டினேன், ஆனால் அப்போது வயது வேறு. எட்டு வருஷம் காத்திருந்து வந்த பிள்ளையை நானே கெடுத்துவிட்டேனோ என்று நினைத்து நினைத்து மாய்ந்தேன். மறுநாளிலிருந்து மதுமதியே பிளாஸ்டிக் டப்பில் குளிப்பாட்டினாள், அடையாற்றில் குழந்தை டாக்டரம்மாவிடம் காட்ட நாளும் வாங்கிவிட்டாள். ஒன்பது நாள் அந்தப் பிள்ளையை நான் தொடவே பயந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை வீடு துடைக்கும்போதுதான் பார்த்தேன். நம் வீட்டுக்கு இருப்பதே ஒரு ஜன்னல், அதில் கற்பூரவல்லித் தொட்டி. முந்தின வாரம்தான் இலையெல்லாம் வீட்டுக்குள் பார்க்கும்படி திருப்பி வைத்திருந்தேன், அது மறுபடி வளைந்து தெருப்பக்கம் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. கீழே பாயில் சரணும் அதே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தச் செடியை நான் எந்தக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்தேன் என்று நினைத்தேன் நைனா. வடக்கே தலைவைக்கக்கூடாது என்று பிறந்ததிலிருந்து அவனைத் தெற்கே தலைவைத்தே படுக்கவைத்தோம், ஜன்னல் எப்போதும் அவனுக்கு வலதுகைப் பக்கம். மதுமதி பால் வாங்கப் போயிருந்தாள். சாமி மன்னிக்கட்டும் என்று பாயோடு அப்படியே அவனைத் தலைமாடு கால்மாடாக மாற்றிப் போட்டேன். கொஞ்சநேரம் சுவரைப் பார்த்தான். பிறகு மெதுமெதுவாக, நீ நம்பமாட்டாய், இடது பக்கம் திரும்பி ஜன்னலைப் பார்த்துவிட்டான். உள்ளே வந்த மதுமதி, ஐயோ அத்த, வடக்கே தல வெச்சிருக்கீங்களே என்று அலறினாள், அப்புறம் அவளும் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நேற்று டாக்டரம்மா கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை, ஸ்கேனும் வேண்டாம், வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டான், தினம் பக்கத்தை மாற்றிப் போடுங்கள், முழித்திருக்கும்போது கொஞ்சநேரம் குப்புறவும் போடுங்கள், தட்டையும் சரியாகிவிடும் என்றார். ஜன்னல் விஷயத்தை யார் கண்டுபிடித்தது என்று கேட்டதற்கு, எங்க அத்த, அஞ்சாங்கிளாஸ் என்று மதுமதி சொன்னாளே, எனக்கு ஆட்டோவில் ஏறுகிறவரை கால் தரையில் பாவவில்லை. ராத்திரி தெற்கு, பகலில் ஒருநாள் விட்டு ஒருநாள் வடக்கு என்று நானே சட்டம் போட்டுவிட்டேன். கன்னியம்மாவிடம் இன்னும் பேசவில்லை, இரண்டு நாள் போகட்டும்.

இன்று காலை மதுமதியே வெந்நீர் விளாவி வைத்து மணையைப் போட்டு, நீங்களே ஊத்துங்க அத்த, எனக்கு வழுக்குது என்று பிள்ளையை என் காலில் கிடத்தினாள். அவளுக்கு ஒன்றும் வழுக்கவில்லை, எனக்குத் தெரியும். நான் முகத்தைக் கழுவுகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

உன் அறையில் ஜன்னலே இல்லை என்றாயே, லீவு நாளிலாவது காலையில் வெளியே போய் நட. தீர்க்காயுசாக இரு, பாபா துணை இருப்பார். ஒன்று மறக்காதே, இனி வீடியோவில் வரும்போது போனைப் பிள்ளைக்கு இடது பக்கம் பிடிக்கும்படி மதுமதியிடம் சொல். உன்னைப் பார்க்கவும் அவன் திரும்புகிறான்.

உன் வரவை எண்ணியிருக்கும் அம்மா,
வேம்பு