ஜிமி ஓடக் கூடாது

ஜூலை 6, சனி
சோளகக் காற்று. முற்றமெல்லாம் மணல். கூட்டவில்லை.

பேரப்பிள்ளைகளின் விசயம் எழுதிவைக்க வேண்டும். ரிஸ்வான் கட்டாரில் மேற்பார்வையாளர். அஸாம் குர்ஆன் மனனம் முடித்துப் பள்ளிவாசலில் தலைப்பாகை கட்டினான். சப்னா கொழும்புக் கெம்பஸில் கடைசி வருடம். எங்கள் வீட்டின் முதல் பட்டம். நான் ஐந்தாம் வகுப்பு. அல்ஹம்துலில்லாஹ்.

ஜிமிக்கு இருமல். சப்னா புதர்ப் பற்றைக்குள் கண்டெடுத்து வளர்த்த நாய். குட்டியாக அவள் மடியில் இருக்கும் படம் அலுமாரிக் கண்ணாடியில். இப்போது என் பொறுப்பு. ஆட்டுக்கொட்டிலுக்குக் காவல்.

ஜூலை 8, திங்கள்
புத்தளம், மிருக வைத்தியர். பக்கத்து வீட்டுப் பாறூக்கின் த்ரீவீலில்.

"நாய் சீட்ட நக்கிச்செண்டா மார்க்கப்படி மண் போட்டு ஏழு தரம் கழுவ நீங்கதான் வரணும், மாமி."

"மண்ணும் நானே கொண்டு வாறன். நீ ஓட்டு."

இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இதயத்தில் புழு. இடியப்ப இழை போல. நுளம்பு கடித்து வருவதாம். புழுவைக் கொல்லும் ஊசி இப்போது கிடைப்பதில்லை. பதிலுக்கு:
டொக்சி குளிசை, காலை மாலை, ஒரு மாதம். சாப்பாட்டோடு.
பிடரியில் விடும் மருந்து, மாதம் ஒரு தரம்.
இருமலுக்கு வெள்ளைக் குளிசை.

டொக்சியும் பிடரி மருந்தும் சேர்ந்து புழுவை மெல்ல மெல்லச் சாகடிக்குமாம். மாதக்கணக்கு.

டொக்டர் நோனா சிங்களப் பெண். தமிழும் கதைப்பா. "உம்மா, ஓட விட வேணாம். செத்த புழு உடைஞ்சி நுரையீரல்ல அடைக்கும். கட்டி வைங்க."

ஓம், கட்டி வைக்கிறன் என்றேன்.

இரவு சப்னா போனில். "உம்மும்மா, அது பொழைக்குமா?"

"நான் பாக்கிறன். நீ கெம்பஸ் சோதனையப் பாரு."

சொல்லிவிட்டேன். இனிப் பார்க்க வேண்டும்.

ஜூலை 15, திங்கள்
தேங்காய் பறிக்க ஆள் வரவில்லை.

குளிசை சூடை மீனின் வயிற்றுக்குள். மீனைத் தின்று குளிசையைத் துப்புகிறது. கள்ளன். மூன்றாம் மீனில் போனது.

மகள்: "எனக்குக் காய்ச்சல் வந்தப்போ இப்படி மீன் பொரிச்சுத் தந்தீங்களா, உம்மா?"

"நீ குளிசைய துப்பினதில்ல."

பகல் முழுக்கக் கொட்டில் கம்பத்தில் கட்டு. கட்டிய இடத்தில் மலசலம் கழிக்காது. கழித்தாலும் பக்கத்தில் கிணறு, தொழுகை உடுப்புக் காயும் கொடி. முற்றம் அசுத்தமானால் என்ன செய்வது. அதனால் விடியல் சுபஹுத் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒழுச் செய்யும்போது அவிழ்த்து விடுகிறேன். பற்றைப் பக்கம் போய், நான் தொழுது எழும்ப முன் வந்து படுத்துவிடும். நல்ல நாய்.

ஜூலை 24, புதன்
இருமல் குறைவு. வால் ஆட்டுகிறது. சப்னாவுக்குச் சோதனை தொடங்கிவிட்டது. குர்ஆனில் யாசீன் ஓதினேன். அவளுக்குத்தான். மனதில் நாயும் வந்தது, அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

ஜூலை 28, ஞாயிறு
சுபஹு தொழுது எழும்பினேன். ஜிமி இல்லை. கடல் பக்கம் கழுதைகள் கத்தும் சத்தம்.

பாறூக் வாசலில். "உங்கட நாய் கடக்கரையில விழுந்து கெடக்குது, மாமி. கழுதைகளத் தொரத்திட்டு ஓடிச்சு. ஒவ்வொரு விடியலும் ஓடுறதுதானே. சுகமாகிட்டெண்டு நெனச்சன்."

ஒவ்வொரு விடியலும்.

வாயில் இரத்தம். உரப்பையில் தூக்கி அவனுடைய த்ரீவீலில். இந்தத் தடவை சீட்டைப் பற்றிக் கதைக்கவில்லை.

டொக்டர் நோனாவை வீட்டிலிருந்து வரவழைத்தார்கள். "கட்டி வச்சீங்களா, உம்மா?"

"ஓம். விடியல்ல மட்டும்..."

அவ திட்டவில்லை. ஊசி ஒன்று போட்டா. திரும்பி வரும்போது, பாலாவி உப்பளம் தாண்ட, மூச்சு நின்றது.

தென்னைக்கடியில் புதைத்தோம். மண் போட்டுக் கை கழுவினேன். ஆறு தரம் கழுவி, ஏழாவதுக்கு முன் கொஞ்ச நேரம் இருந்தேன்.

ஜூலை 29, திங்கள்
காற்று. குளிசை மிச்சம் அலுமாரியில்.

சப்னா கேட்டிருக்கிறாள், ஜிமி எப்படியென்று. புதன் கடைசிச் சோதனை.

மகள்: "முடியட்டும். நான் சொல்றன், உம்மா."

"இல்ல. நான்தான் அவிழ்த்தது. நான்தான் சொல்லணும்."

வியாழன் சொல்வேன். அதற்கு முன் அவளிடம் ஒன்று கேட்க வேண்டும். அலுமாரிக் கண்ணாடியில் இருப்பதற்குப் பதிலாகப் புதுப் படம். ஸ்டூடியோவில் எடுத்து, தபாலில் போடச் சொல்ல வேண்டும். அவள் தனியாக, சிரித்தபடி. சொன்ன பிறகு கேட்க எனக்கு வாய் வராது.